காடி மேல குத்தமில்ல

21-2-1934, புதன்

பித்தளையைத் துடைச்சேன். பதினெட்டு நாளா மோட்டார் காடியில கை வைக்கல. கடக்காத்து பித்தளையைச் சும்மா விட்டு வைக்காது. மூக்கு முழுக்க பச்சை பூத்துக் கெடந்துச்சு. புளியைத் தேச்சு அஞ்சே நிமிஷத்துல நல்ல தண்ணியில கழுவிடணும். கழுவாம விட்டா புளியே பித்தளையைத் தின்னுடும். கடையில டப்பாவுல விக்கிற பாலிஷ் எல்லாம் சும்மா. பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கேன். ஒருத்தனும் கேக்கல.

ரேடியேட்டரைத்தான் மூக்குன்னு சொல்றது. 1914ஆம் வருஷக் காடி. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டாயில கோழி முட்டை போட்டுக்கிட்டு கெடந்துச்சு. கட்டி இழுத்துட்டு வந்து ரெண்டு வருஷம் ஒக்காந்தேன். செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல அஞ்சு வருஷம் கத்துக்கிட்டது மொத்தத்தையும் இதுல எறக்குனேன். சீட்டுத் துணி என் சம்சாரம் நவமணி தச்சது.

தொடைச்சுக்கிட்டு இருக்கும்போது எதிர்வீட்டுக்காரர் வந்து நின்னாரு. "வித்துடு லா தம்பி. பாக்கப் பாக்க மனசு கஷ்டமா இருக்கும்ல?"

யாருக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு எதுவுமே இல்ல. காலையில கைப்பிடி தகரம் விரல்ல கிழிச்சிருக்கு, ரத்தம் துணியில பட்ட பிறகுதான் தெரிஞ்சுச்சு.

ஊரே சொல்லுது. அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போகும்போது காடி நடுரோட்டுல நின்னுடுச்சு, அதனாலதான் செத்தான்னு. கெழட்டுக் காடியாம். குழந்தை பொழச்சுக்கிச்சு, அவ இல்ல.

இங்க எழுதி வைக்கிறேன். காடி மேல குத்தமில்ல. எப்படித் தெரியும்னு கேட்டா பதில் இல்ல. ஆனா குத்தமில்ல.

22-2-1934

வேலைக்குப் போனேன். வந்தேன்.

25-2-1934, ஞாயிறு

ஆயர் ஈத்தாம் போனேன், மாமா வீட்டுக்கு, நவமணி பொறந்த வீடு. குழந்தை மீனாட்சி அங்கதான் இருக்கா, பொறந்ததுல இருந்து. அத்தே நல்லம்மாதான் பாத்துக்கிறாங்க. பால் குடுக்க ஒரு பொம்பள பக்கத்து லயத்து வரிசை வீட்டுல இருந்து வருது. குழந்தையைக் கையில குடுத்தாங்க. வாங்குனேன். கனமே இல்ல. ஒரு கார்புரேட்டர் இதைவிட கனமா இருக்கும். இப்படி நெனைக்கிறதுக்கு வெக்கமா இருக்கு, ஆனா அப்படித்தான் தோணுச்சு.

மாமா பிச்சைமுத்து மாட்டுவண்டி கன்ட்ராக்டர். துறைமுகத்துல இருந்து மூட்டை ஏத்துறவரு. பதினாறு ஜோடி மாடு. மோட்டாருன்னாலே முகத்தைத் திருப்பிக்குவாரு, இப்ப கேக்கவா வேணும்.

"முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன். என் மாடு ஒருநாளாவது நடுரோட்டுல படுத்திருக்கா?"

"போன வருஷம் பசார் முன்னால படுத்துச்சே மாமா. நீங்க மண்வெட்டிப் பிடியால எழுப்புனீங்க."

அத்தே உள்ள இருந்து "ஏங்க"ன்னு ஒரு சத்தம் குடுத்தாங்க. மாமா எழுந்து நின்னுட்டாரு.

"கேட்டுக்க. பழைய இரும்பு வாங்குற சீனத் தவுக்கேகிட்ட சொல்லிட்டேன். ஆளை அனுப்புறேன்னுருக்கான். அந்தக் காடியை ஒடச்சுப் போடு. அது நிக்கிற வீட்டுக்கு என் பேத்தி வரமாட்டா. ஒடச்ச அன்னைக்கு நானே தூக்கிட்டு வந்து உன் கையில குடுக்கிறேன்."

ஒடைக்கிறதுன்னா என்ன அர்த்தம்? ஆமா, அதுதான் கொன்னுச்சுன்னு நானே கையெழுத்துப் போடுற மாதிரி. அதை வச்சிருந்த நானும் கொன்னேன்னு.

மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ட்ராம் ஏறும்போதுதான் பாத்தேன், குழந்தையோட வாய் எச்சில் சட்டையில காஞ்சிருந்துச்சு. தொடைக்கல.

28-2-1934

காதர் அண்ணே ஷெட்டுக்குப் போனேன். டாக்ஸி மூணு வச்சிருக்காரு, நாலாவது வாங்கப் போறாராம், ஏழு வருஷப் பழசு. அப்துல் காதர்னு முழுப் பேரு, ஆனா யாரும் சொல்லமாட்டாங்க. "வந்து பாரு தம்பி, உன் கண்ணுதான் வேணும்"னு ஆள் விட்டாரு. நான் வெளிய வரணும்னு கூப்புட்டாருன்னு தெரியும். தெரிஞ்சே போனேன்.

புதுசா பெயின்ட் அடிச்சு மினுமினுன்னு நின்னுச்சு.

"எப்படி?"

"வேணாம்ணே."

"கிட்டகூட போகல, அதுக்குள்ள வேணாமா!"

"விக்கிறதுக்கு முந்தின வாரம் பெயின்ட் அடிச்சவன் எதையோ மூடுறான். பழைய காடி வாங்கப் போனா மேல பாக்காதீங்க. படுத்துக்கிட்டு கீழ பாருங்க. அடிவயிறு பொய் சொல்லாது."

நானே படுத்துப் பாத்தேன். சட்டத்துல ஒட்டுப் போட்டிருந்துச்சு, கட்டவிரல் அகலம். காதர் அண்ணே விக்க வந்தவரைப் பாத்து, "ஏன்யா, இது காடியா, தச்ச கைலியா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்ச மாதிரி வாயை வச்சுக்கிட்டேன்.

அப்புறம் டீ குடிக்கும்போது ஒண்ணு சொன்னேன். சொன்னது என் காதுலயே திரும்ப விழுந்துச்சு. "அண்ணே, புதுக் காடிதான் சொல்லாம கொள்ளாம நிக்கும். பழசு அப்படி இல்ல. பத்து நாளைக்கு முன்னாலயே மொனகும், ஆடும், ஒழுகும். கேக்க நமக்குக் காது இருந்தா போதும். பழைய காடி சொல்லாம நிக்காது."

அன்னைக்கு என் காடி ஒண்ணும் சொல்லலையே.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை மாமா வீட்டு வாசல்ல இருந்து எடுத்து ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேன், தண்ணி ஓடுற மாதிரி ஓடுச்சு. ஒரு மொனகல் இல்ல. அப்ப வயசுனால நிக்கல. வேற என்னமோ நடந்திருக்கு.

3-3-1934, சனி

ஒரு மாசம்.

எழுதிடுறேன். எழுதலைன்னா மண்டைக்குள்ளயே சுத்துது.

தலைப்பிரசவம், அதனால அவ அம்மா வீட்டுல இருந்தா. எந்த நேரமும் வேணும்னு காடியை ஒரு வாரமா அங்கயே நிறுத்தி வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் ஊத்துனேன், நானே துணியில வடிகட்டி. சனிக்கிழமை காலையில வலி. பத்து மணிக்குக் கெளம்புனோம். பின்னால அத்தே மடியில தலைய வச்சு நவமணி. கையில நான் குடுத்த கைக்குட்டையைக் கசக்கிப் பிடிச்சிருந்தா. டத்தோ கெராமட் ரோட்டுல ஜெயிலைத் தாண்டுனதும் ஒரு இருமல். ரெண்டு. நின்னுடுச்சு.

"அஞ்சு நிமிஷம்"னு சொன்னேன்.

ஸ்பார்க்குதான்னு நெனச்சேன். நாலு பிளக்கையும் கழட்டி இன்ஜின் மேலயே படுக்க வச்சு, ரோட்டோரம் நின்ன ரிக்‌ஷாக்காரரைக் கைப்பிடி சுத்தச் சொன்னேன். "கட்டவிரலை மத்த விரலோட ஒரே பக்கம் வைங்க, திருப்பி அடிச்சா ஒடஞ்சுடும்"னு அவருக்கு அந்த நேரத்துலயும் பாடம் எடுத்தேன்! நாலு பிளக்கும் பொறி விட்டுச்சு. நவமணி எட்டிப் பாத்தா. அவளுக்கு இதெல்லாம் தெரியும், ரெண்டு வருஷம் பக்கத்துல ஒக்காந்து வெளக்குப் பிடிச்சவ. வேர்வை வழியுது, எண்ணுறா. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. நாலும் வருதுங்க. பெட்ரோலைப் பாருங்களேன்."

அவ சொன்னா. பெட்ரோலைப் பாருங்கன்னு அவ சொன்னா.

"பெட்ரோல் நான் வடிகட்டுனது, அதுல குத்தம் இருக்காது"ன்னு சொன்னேன். திரும்பத் திரும்ப ஸ்பார்க்கையே நோண்டுனேன். அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு அஞ்சு தடவை. ரிக்‌ஷாவுல ஏத்திருக்கலாம். அதுக்கும் அவதான் வேணாம்னா – "இதுலயே போவோம், நம்ம காடி"ன்னு. கடைசியில காதர் அண்ணே டாக்ஸி அந்த வழியா வந்துச்சு. பன்னண்டு மணிக்குக் குழந்தை. மூணு மணிக்கு –

போதும்.

4-3-1934, ஞாயிறு

காலையில ஏழு மணிக்குத் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். காதர் அண்ணே அன்னைக்குக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து இங்க விட்டதுல இருந்து எதையும் திறக்கல. அன்னைக்குப் பாக்காததை இன்னைக்குப் பாக்கணும்.

முதல்ல ஸ்பார்க். நாலும் நல்லா இருக்கு. டைமிங் நல்லா இருக்கு. வால்வு நல்லா இருக்கு. சும்மா சொல்லல, புது ஊசி மாதிரி இருக்கு. பத்து மணி ஆச்சு. அப்புறம்தான் கீழ படுத்தேன். ஊருக்கெல்லாம் அடிவயிறைப் பாருன்னு சொல்றவன் ஒரு மாசம் கழிச்சுப் படுத்தேன். பெட்ரோல் டேங்குக்கு அடியில ஒரு சின்னக் குழாய் இருக்கு, அழுக்கு எறங்குறதுக்கு. ரெண்டு விரலால திருகுனா போதும். அரை நிமிஷ வேலை. அன்னைக்குச் செஞ்சிருந்தா –

கண்ணாடிப் பாட்டில்ல பிடிச்சேன்.

தண்ணி.

பெட்ரோல் இல்ல, தண்ணி. பாட்டில் முக்காவாசி நெறயுற வரைக்கும் தண்ணியேதான். அதுக்கப்புறம்தான் பெட்ரோல் வந்து மேல மிதந்துச்சு. ஒரு சொட்டு ரெண்டு சொட்டு இல்ல, முழுசா ஒரு செம்பு இருக்கும். யாரோ ஊத்துனாத்தான் இவ்ளோ வரும்.

வெயில்ல வச்சுப் பாத்தேன். அடியில வெள்ளையா என்னமோ தங்குச்சு. சுண்ணாம்பா? தொட்டு விரல்ல தேச்சேன். வழவழன்னு ஒட்டுச்சு. மோந்து பாத்தா பெட்ரோல் வாடைதான். விரலைக் காயவிட்டுப் பாத்தேன்.

விபூதி.

காடி மேல குத்தமில்ல! நான் சொன்னேன்ல? சொன்னேன்ல! எந்தக் காடியும் தண்ணியில ஓடாது. நேத்து வாங்குன துரை வீட்டுக் காடியா இருந்தாலும் அதே எடத்துல அதே மாதிரி நின்னிருக்கும். யாரு ஊத்துனாங்கன்னு தெரியல. கோயில்ல இருந்து வந்த கிறுக்கன் யாராச்சுமா? மாமா ஆளுங்களா? யாரா இருந்தா என்ன. பாட்டிலை மூடி போட்டு வச்சுட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமை மாமா முன்னால மேசையில வைப்பேன். மேல பெட்ரோல், கீழ தண்ணி. இன்ஜின் தெரியாதவருக்கும் புரியும். அப்புறம் என் பொண்ணைத் தூக்கிட்டு வருவேன்.

இன்னைக்கு ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

7-3-1934

வேலையில ஒரு வெள்ளைக்காரச் சின்னத் துரை சொல்றான், பத்து வருஷத்துக்கு மேல ஒரு காடியை வச்சிருக்கிறது முட்டாத்தனமாம். நான் சொன்னேன்: "உங்க ஊர்ல எரநூறு வருஷத்து வீட்டைக் காட்டிப் பெருமைப்படுறீங்களே." சிரிச்சுட்டுப் போயிட்டான். மரச்சக்கரத்துக்கு வாரம் ஒருதடவை தண்ணி தெளிக்கணும், இல்லைன்னா ஆரக்கால் காஞ்சு கடகடன்னும் – இதைச் சொன்னா அவனுக்குப் புரியாது. ஒரு பொருள் கூடவே வாழ்ந்தாத்தான் புரியும்.

ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நாலு நாள்.

11-3-1934, ஞாயிறு

பாட்டிலைத் துணிப்பையில வச்சு எடுத்துட்டுப் போனேன். மாமா முன்கட்டுல பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாரு. "தவுக்கே ஆள் வந்தானா?"ன்னு கேட்டாரு. "வந்தான். தொரத்திட்டேன்"னேன். பையை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்தேன். ஆரம்பிக்கிறதுக்குள்ள அத்தே பின்னால கூப்புட்டாங்க. குழந்தையைப் பாக்கத்தான்னு போனேன்.

கொடியில குழந்தைத் துணி காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத்தே அதுக்குப் பின்னால நின்னாங்க. ஒரு துணியை எடுத்து மடிச்சாங்க, திரும்ப விரிச்சாங்க, திரும்ப மடிச்சாங்க.

"மாப்பிள, ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் கேக்க முடியல."

"கேளுங்க அத்தே."

"அந்தக் காடிக்கு... வாய்ல கொஞ்சம் தண்ணி போனா அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பை என் கையிலதான் இருந்துச்சு.

"எவ்ளோ?"ன்னு கேட்டுட்டேன். ஏன் கேட்டேன்? தெரியாதா எனக்கு?

"ஒரு செம்பு. தண்ணிமலைக் கோயில் தீர்த்தம், விபூதி கரைச்சது. தைப்பூசத்துக்குப் பிடிச்சு வச்சிருந்தேன். வலி வந்ததும் அவளுக்கு ஒரு வாய் குடுத்தேன். அவளைத் தூக்கிட்டுப் போறது அதுதானே, அதுக்கும் ஒரு வாய் குடுப்போம்னு... நீங்க சட்டை மாத்திக்கிட்டு இருந்தீங்க. சீட்டைத் தூக்கி ஊத்துனேன். முருகா, நல்லபடியா கொண்டு போயிடுன்னு சொல்லித்தான் ஊத்துனேன்."

வாய்.

அந்தப் பேர் வச்சது நான். போன ஆயுத பூசைக்கு அத்தே காடிக்குக் குங்குமம் வைக்க வந்தாங்க. "இது எப்படி மாப்பிள சாப்பிடும்?"னு கேட்டாங்க. நான்தான் பெரிய வாத்தியாரு மாதிரி ஒவ்வொண்ணா காட்டுனேன். இது மூக்கு, இதுல மூச்சு விடும். சீட்டுக்கு கீழ இருக்கே, இது வாய், இதுலதான் குடிக்கும். நவமணி விழுந்து விழுந்து சிரிச்சா. அத்தே அதை அப்படியே நம்பி மனசுல வச்சுக்கிட்டாங்க. மூக்குல யாராச்சும் தீர்த்தம் ஊத்துவாங்களா? வாயிலதான் ஊத்துவாங்க.

அத்தே என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. குழந்தை தூளியில மூக்கால ஒரு சத்தம் போட்டுச்சு.

"ஒண்ணும் ஆகாது அத்தே. சூட்டுல ஆவியாப் போயிடும். அது ஸ்பார்க்குல வந்த கோளாறு. நான்தான் சரியா பாக்கல."

"நிசமாவா?"

"நிசமா."

திரும்ப முன்கட்டுக்கு வந்தேன். பையை மேசையில வைக்கல. மாமாகிட்ட சொன்னேன்: "மாமா, என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுட்டேன். ஸ்பார்க். அன்னைக்கு நான் கோட்டை விட்டுட்டேன். தப்பு என் பேர்ல."

அவரு பேப்பரை மடிச்சுக் கீழ வச்சாரு. இத்தனை நாள் நான் சண்டைக்கு நின்னதையே பாத்தவரு. "அப்ப ஒத்துக்கிட்டே. ஒடச்சுப் போடு."

"மாட்டேன்."

"ஏன்டா!"

"தப்பு என் பேர்லன்னு சொன்னேன். காடி பேர்லன்னு சொல்லலையே."

"அப்ப குழந்தையும் வராது."

பையைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

12-3-1934

பாட்டிலைக் கழுவிக் கவுத்து வச்சேன்.

18-3-1934, ஞாயிறு

ஆயர் ஈத்தாம் போகல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னைக்கு இருந்த நர்ஸம்மாவைக் கேட்டேன், அரை மணி முன்னால வந்திருந்தா பொழச்சிருப்பாளா? "தெரியாது தம்பி"ன்னாங்க. ஆமான்னு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன், இல்லைன்னாலும் தாங்கியிருப்பேன். தெரியாதை எங்க கொண்டு போய் வைக்கிறது?

அழுதேன். எழுதி வைக்கிறேன், முதல் தடவை. ட்ராம் ஸ்டாப்புல. ஒரு மலாய்க்காரம்மா குடையை என் பக்கம் சாச்சுப் பிடிச்சாங்க. மழையே இல்ல.

25-3-1934

காதர் அண்ணே வேற காடி வாங்கிட்டாரு, நான் படுத்துப் பாத்துச் சொன்னது. டிரைவர் முனுசாமிக்குச் சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டாரு. நாப்பது வயசு ஆளு, குதிரைவண்டி ஓட்டுனவரு. "இது மூக்கு, இது –"ன்னு ஆரம்பிச்சேன். நிறுத்திட்டேன்.

"இது ரேடியேட்டர். இதுல தண்ணி. இது பெட்ரோல் ஓட்டை. இதுல பெட்ரோல் தவிர எதுவும் போகக் கூடாது. எதுவும். சாமி தண்ணியா இருந்தாலும்."

முனுசாமி "சரிங்க வாத்தியாரே"ன்னாரு. காதர் அண்ணே மட்டும் என்னையே பாத்தாரு.

முனுசாமிக்கு இன்னும் கொஞ்சம் சொன்னேன். துணியில வடிகட்டுனா தூசிதான் நிக்கும், தண்ணி நிக்காது. ஷாமி தோல்ல, காடி தொடைக்கிற மெல்லிசுத் தோல்ல ஊத்தணும். தோல் பெட்ரோலை விடும், தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். தினமும் காலையில அடிக்குழாயைத் திருகி ஒரு கரண்டி பிடிச்சுப் பாக்கணும். எதுல குத்தமே இருக்காதுன்னு நிச்சயமா இருக்கோமோ அதை முதல்ல பாக்கணும். கடைசியா சொன்னது முனுசாமிக்கு இல்ல.

8-4-1934

காதர் அண்ணே வீட்டுக்காரம்மா நூர்ஜான் அக்கா சொன்னாங்கன்னு அண்ணே சொன்னாரு. "உன் மாமியார் தண்ணிமலைப் பக்கமே போறதில்லையாம். வெள்ளிக்கெழமைகூட வெளக்கு ஏத்துறதில்லையாம். என்னடா தம்பி அங்க நடக்குது?"

அப்ப நான் சொன்னதை அவங்க நம்பல. ஆவியாப் போயிடும்னு சொன்னேனே, அதை யாரு நம்புவா? நானே நம்பமாட்டேன்.

சாட்சி வேணும். மெக்கானிக் பேச்சுக்கு எப்பவும் ஒரு சாமானைக் கையில குடுக்கணும்.

14-4-1934, சனி

எழுதக் கை வரல. பிளக்குக்குப் பொறி அனுப்புற ஸ்பார்க் காயில் நாலுல ஒண்ணைக் கழட்டுனேன். மூணாவது சிலிண்டரோடது. நல்ல காயில், இருபது வருஷம் ஆகியும் ஓடுன அன்னைக்கெல்லாம் தவறாம வேலை செஞ்ச காயில். அதுக்கு பேட்டரியைத் தாறுமாறா குடுத்து எரிச்சேன். உள்ள இருக்கிற மெழுகு உருகிக் கொதிச்சு ஓரத்துல வழிஞ்சுச்சு. கருகின வாடை. செந்தூல்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரு பாத்திருந்தா என் காதைத் திருகியிருப்பாரு. ஒருத்தன் தன் காடியோட நல்ல உறுப்பை வேணும்னே எரிப்பானா? அதுவும் நான்?

பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன்.

15-4-1934, ஞாயிறு

அத்தே அடுப்படியில இருந்தாங்க. மாமா இல்ல, மாடு பாக்கப் போயிருந்தாரு. பேப்பரைப் பிரிச்சுக் கையில குடுத்தேன்.

"இதுதான் அத்தே. அன்னைக்கு எரிஞ்சுபோன காயில். இதனாலதான் நின்னுச்சு. வேற எதுவும் இல்ல."

அத்தே வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கருகின எடத்துல விரலை வச்சாங்க.

"அன்னைக்கா எரிஞ்சுச்சு?"

"ஆமா."

உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. "நவமணி எண்ணுனாளே மாப்பிள. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு. நாலும் வருதுன்னு சொன்னாளே. என் மடியில இருந்து எட்டிப் பாத்துத்தானே சொன்னா."

காயில் சுத்தியிருந்த பேப்பரை மடிச்சுக்கிட்டே நின்னேன்.

நான் மறக்கல. மறந்துட்டேன். இந்த டைரியில என் கையால எழுதியிருக்கேன், ஆனா பின்சீட்டுல இன்னொருத்தரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு நெனைக்கல. பின்சீட்டையே நான் நெனைக்கல. என் துக்கம், என் காடி, என் மானம்.

அத்தே அந்தக் காயிலை அடுப்பு மேல இருக்கிற மாடத்துல வச்சாங்க. உப்புச் சாடிக்குப் பக்கத்துல. "இது இங்கயே இருக்கட்டும். போயிட்டு வாங்க"ன்னாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

குழந்தையைத் தூக்காம வந்துட்டேன்.

22-4-1934

போகல.

29-4-1934

காதர் அண்ணே புது காயில் ஒண்ணு எங்கயோ தேடிக் கொண்டு வந்து குடுத்தாரு. "எதுக்குன்னு கேக்கமாட்டேன்"ன்னாரு. மாட்டுனேன். சுத்துனேன். மூணு மாசத்துக்கு அப்புறம் மொத தடவை சத்தம் கேட்டேன். ஒரே சுத்துல. வீதியில போறவங்க திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். என் காடி ஓடுது. ஓடும். ஊர் சொல்றதை ஊர் சொல்லட்டும், தவுக்கே வாசல்ல வந்து நிக்கட்டும். நான் இதை ஒடைக்கமாட்டேன், நான் யாரையும் காட்டிக் குடுக்கவும் மாட்டேன். ரெண்டுமே என்னால ஆகும்.

அத்தேயைக் காட்டிக் குடுத்திருந்தா இன்னைக்கு மீனாட்சி இந்தச் சீட்டுல படுத்திருப்பா. தெரியும். தெரிஞ்சேதான்.

6-5-1934, ஞாயிறு

காலையில ஆறரைக்கு வாசல்ல சத்தம். மாட்டுவண்டி. மாமாவே ஓட்டிட்டு வந்திருந்தாரு, பக்கத்துல அத்தே, அத்தே கையில மீனாட்சி. மாமா எறங்கி நேரா காடிகிட்ட போனாரு. ஒடைக்க வந்துட்டாருன்னு நெனச்சேன். குறுக்க போய் நின்னேன்.

கையைப் பின்னால கட்டிக்கிட்டு காடியைச் சுத்தி ஒரு தடவை நடந்தாரு. மாட்டுச் சந்தையில நடக்குற மாதிரி. அப்புறம் என் முகத்தைப் பாக்காம கேட்டாரு.

"பெட்ரோல்ல தண்ணி கிண்ணி இல்லையே? பாத்துட்டியா?"

தண்ணின்னு நான் அவர்கிட்ட சொன்னதே இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல, இந்தக் காகிதத்தைத் தவிர. அத்தேயைப் பாத்தேன். அவங்க குழந்தைத் தலையைத் தடவிக்கிட்டு இருந்தாங்க.

"பாத்துட்டேன் மாமா. தினமும் பாக்குறேன்."

"ம். பாத்தே ஓட்டு." தொண்டையைச் செருமுனாரு. "பேத்திக்கு மூணு மாசம் ஆச்சு. தண்ணிமலைக்குக் கூட்டிட்டுப் போகணும்கிறா உங்க அத்தே. மாட்டுவண்டியில குலுங்கும்."

பின்சீட்டுல ஏறி, நவமணி தச்ச துணி மேல கை வைக்காம ஓரமா ஒக்காந்தாரு. கைப்பிடியைச் சுத்துனேன், ஒரே சுத்து.

கோயில்ல கும்பிட்டு முடிச்சதும் அத்தே செம்புல தீர்த்தம் வாங்கிட்டு வந்தாங்க. காடிகிட்ட வந்ததும் கால் நின்னுடுச்சு. சீட்டைப் பாத்தாங்க, மூக்கைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க.

அவ போனதுல இருந்து நான் தீர்த்தமும் வாங்கல, விபூதியும் பூசல. காரியத்தன்னைக்கு ஐயர் குடுத்ததைக்கூட தட்டி விட்டேன்.

"எனக்குக் குடுங்க அத்தே"ன்னு கையை நீட்டுனேன்.

ஊத்துனாங்க. குடிச்சேன். மிச்சத்தைத் தலையில தடவிக்கிட்டேன். மாமா அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

திரும்பி வரும்போது டத்தோ கெராமட் ரோட்டு வழியாத்தான் வந்தேன். வேற வழி இருந்துச்சு. அத்தேதான், "அப்படியே போங்க மாப்பிள"ன்னாங்க. ஜெயிலைத் தாண்டுனோம். மீனாட்சி அத்தே மடியில தூங்கிட்டு இருந்தா.

காடி ஒரு தடவைகூட இருமல.

என் வீட்டு வாசல்ல நிறுத்துனேன். அவங்க ஊருக்குப் போக மாட்டுவண்டி அங்கதானே நின்னுச்சு. மாமா எறங்கி, அத்தே கையில இருந்து குழந்தையை வாங்கி என் கையில குடுத்தாரு. இப்ப கனமாத்தான் இருக்கா.